மர்மரா கடலடியில் இன்னும் உடையாத துண்டு: வடக்கு அனடோலியப் பிளவும் இஸ்தான்புல்லும்

நிலவியல்_நேசன்

2025 ஏப்ரல் 23 அன்று இஸ்தான்புல்லுக்கு மேற்கே, சிலிவ்ரி கரைக்கு எதிரே மர்மரா கடலில் 6.2 அளவில் நிலம் நடுங்கியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "பெரிசு வரும் பெரிசு வரும் என்று இருபத்தைந்து வருடமாகப் பூச்சாண்டி காட்டினார்கள். இதோ வந்தது, போனது. உள்ளே இருந்த அழுத்தமும் இறங்கிவிட்டது" என்று. படித்தவர்களே இப்படிச் சொல்வதைப் பார்த்துத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் வடக்கு அனடோலியப் பிளவைப் பற்றிக் கொஞ்சம். துருக்கியின் கிழக்கே கார்லியோவா என்ற இடத்தில் தொடங்கி, கருங்கடல் கரைக்கு இணையாக மேற்கே ஓடி, மர்மரா கடலுக்குள் இறங்கி, ஈஜியன் கடல் வரை போகிறது. நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். தெற்கிலிருந்து அரேபியத் தட்டு வடக்கே நெட்டித் தள்ளுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட அனடோலிய நிலத்துண்டு போக்கிடம் தேடி மேற்கே நழுவுகிறது. வருடத்துக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர். வடக்கே இருக்கும் யூரேசியத் தட்டுக்கும் இதற்கும் உள்ள எல்லைதான் இந்தப் பிளவு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் வகை இல்லை, பக்கவாட்டில் உரசும் வகை. 1948-இல் இஹ்சான் கெதின் என்ற துருக்கிய நிலவியலாளர்தான் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு உடன்பிறப்பு என்றே இதைச் சொல்லலாம்.

உலகத்தில் வேறெந்தப் பிளவும் இவ்வளவு வரிசையாக உடைந்து காட்டியதில்லை. 1939 டிசம்பர் கடுங்குளிரில் எர்சின்ஜானில் 7.8. சுமார் 33,000 பேர் இறந்தார்கள். 1942-இல் அதற்கு மேற்கே எர்பா, நிக்சார். 1943-இல் இன்னும் மேற்கே தோஸ்யா. 1944-இல் போலு, கெரெடே. பிறகு 1957, 1967. ஒரு ஜிப்பை மேலிருந்து கீழே இழுப்பது போலக் கிழக்கிலிருந்து மேற்கே திறந்துகொண்டே வந்தது. 1999 ஆகஸ்ட் 17 அதிகாலை 3.02-க்கு, இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே இருக்கும் இஸ்மித். அதே வருடம் நவம்பர் 12-இல் டூஸ்ஜே, 7.2.

சரி, 6.2 வந்ததால் அழுத்தம் இறங்கிவிட்டதா? அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஒரு 7.2-க்கு ஈடுகட்ட முப்பதுக்கும் மேற்பட்ட 6.2-கள் வேண்டும். வந்தது ஒன்று.

சும்மா_வந்தவன்

அப்போ அடுத்த ஸ்டாப் இஸ்தான்புல்லா?

நிலவியல்_நேசன்

கிட்டத்தட்ட. ஒரு திருத்தம் மட்டும்: பிளவு நகரத்துக்கு அடியில் போகவில்லை. நகரத்தின் தெற்குக் கரையிலிருந்து சுமார் 15 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் போகிறது. மேற்கு ஓரத்தில் கானோஸ் பகுதி 1912-இல் உடைந்தது. கிழக்கு ஓரம் 1999-இல் உடைந்தது. இரண்டுக்கும் நடுவே 150 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு. அதன் பெரும்பகுதி 1766-க்குப் பிறகு முழுதாக உடைந்ததாகத் தெரியவில்லை. 260 வருடம், வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால் 5 மீட்டர் நகர்வு பாக்கி. பிடித்துக்கொண்டிருக்கும் பாறை விடும் நாளில் அதில் பெரும்பங்கு சில நொடிகளில் நடக்கும்.

1999-இல் இஸ்மித் வளைகுடாப் பக்கம் சில இடங்களில் நிலம் 5 மீட்டர் வரை பக்கவாட்டில் நகர்ந்தது. பிளவுக்குக் குறுக்கே போன சாலை, வேலி, மரவரிசை எல்லாம் வெட்டி வைத்தது போல ஒரு பக்கமாகத் தள்ளி நின்றன. அந்தப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு 5 மீட்டர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தேன்மொழி

நான் புள்ளியியல்காரி, நிலவியல் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் எண்களைப் பயன்படுத்தும் விதம் எனக்கு உறுத்துகிறது. 2000-இல் பார்சன்ஸ் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு, அடுத்த 30 வருடத்தில் இஸ்தான்புல்லில் பலமான குலுக்கல் வர 62 சதவீத வாய்ப்பு என்றது. கூடக்குறைய 15. இருபத்தைந்து வருடம் போயாயிற்று, வரவில்லை. 2004-இல் அதே ஆய்வாளர் கடலடியின் புதிய வரைபடங்களை வைத்துத் திரும்பக் கணக்கிட்டு, 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கம் இஸ்தான்புல்லைத் தாக்க 2034 வரைக்கும் 41 சதவீதம் என்றார், கூடக்குறைய 14. நாலே வருடத்தில் 62 எப்படி 41 ஆகும்? நாளை யாராவது 30 என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? ஊருக்கு ஊர் ஜோசியம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சாதாரண ஆள் கேட்டால் என்ன பதில்?

அலைமானி

தேன்மொழி அக்கா, கேள்வி நியாயமானது. நான் நில அதிர்வியலில் ஆய்வு மாணவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1997-இல் ஸ்டைன், பர்கா, டீட்ரிச் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிலநடுக்கம் பக்கத்துத் துண்டின் மேல் எவ்வளவு அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது என்று 1939 முதல் 1992 வரை வந்த பத்துப் பெரிய நடுக்கங்களுக்கும் கணக்குப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது, முன்னால் வந்தவை அழுத்தம் கூட்டிவிட்டிருந்த இடத்தில்தான் உடைந்திருந்தன. அதை வைத்து, எர்சின்ஜானுக்குக் கிழக்கே அடுத்த 30 வருடத்தில் 15 சதவீதம், இஸ்மித்துக்குத் தெற்கே 12 சதவீதம் வாய்ப்பு என்று எழுதினார்கள்.

12 சதவீதம் என்று சொன்ன இஸ்மித் இரண்டே வருடத்தில் உடைந்தது. 62 சதவீதம் என்று சொன்னது கால் நூற்றாண்டாக உடையவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். இந்த எண்கள் தேதி சொல்வதற்கு இல்லை. எங்கே உடையும் என்பதில் இந்த வழிமுறைக்கு நல்ல பிடி இருக்கிறது. எப்போது என்பதில் அவ்வளவாக இல்லை. 62 ஏன் 41 ஆனது என்றால், கடலுக்கடியில் பிளவு எப்படி வளைந்து, எங்கே துண்டுபட்டுப் போகிறது என்ற படமே இடையில் மாறிவிட்டது. ஒவ்வொரு துண்டும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை உடைகிறது என்ற பட்டியலும் அதோடு மாறியது. உள்ளே போடுவது மாறினால் வெளியே வருவதும் மாறத்தானே செய்யும்?

தேன்மொழி

தம்பி, இது சரியான பதில். ஆனால் ஊடகங்களில் போகிற மாதிரி "62 சதவீதம்" என்று மொட்டையாகப் போட்டால் யாருக்கும் இது புரியாது. அந்தக் கூடக்குறைய 15-ஐ யாருமே எழுதுவதில்லை. 47-க்கும் 77-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம் என்று சொன்னால் செய்தியில் காரம் இருக்காது போல.

ஏடுதேடி

நான் வரலாற்றுப் பக்கம். இந்தப் பிளவு அந்த நகரத்தைக் கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறது. 557 டிசம்பரில் வந்த அதிர்வில் ஹாகியா சோபியா விரிசல் கண்டு, 558 மே மாதம் அதன் பெரிய குவிமாடம் விழுந்தது. இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு இன்னும் உயர்த்திக் கட்டியது, அதிலும் பிற்காலத்தில் பகுதி பகுதியாக விழுந்து திரும்பக் கட்டியவை உண்டு. 1509-இல் வந்ததை ஒட்டோமான் காலத்தவர்கள் "சின்னப் பிரளயம்" என்ற பொருளில் குறித்திருக்கிறார்கள். கடல் அலை கலாத்தா பக்கம் மதிலைத் தாண்டி உள்ளே வந்ததாகவும் பதிவு இருக்கிறது. 1766-இல் மே மாதம் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மே மாதம் வந்ததில், இரண்டாம் மெஹ்மத் கட்டியிருந்த ஃபாத்திஹ் மசூதி இடிந்து, பிறகு வேறு அமைப்பில் புதிதாகக் கட்டினார்கள். 1894-இல் வந்தது பெரிய சந்தையை நொறுக்கியது. அதற்குப் பிறகுதான் சுல்தான் இத்தாலியிலிருந்து நிபுணரை வரவழைத்து அதிர்வுமானி வைக்க ஏற்பாடு செய்தார்.

1766-இல் இரண்டு தவணையாக வந்தது என்பதை அலைமானி போன்றவர்கள் கவனிக்க வேண்டும். 150 கிலோமீட்டரும் ஒரே மூச்சில் உடைய வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அலைமானி

அதுதான் இப்போது உண்மையிலேயே சண்டை நடக்கும் இடம்.

பிளவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகிக் கிடக்கவில்லை. மர்மராவின் மேற்குப் பகுதியில், தெகிர்தாவுக்கு எதிரே, ஒரே இடத்தில் ஒரே மாதிரியான குட்டி அதிர்வுகள் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன. சுற்றிலும் பாறை மெல்ல நழுவிக்கொண்டே இருந்தால்தான் அப்படி வரும். அதாவது அங்கே பாக்கியில் ஒரு பகுதி சத்தமில்லாமல் கழிந்துகொண்டிருக்கிறது. கிழக்கே, இஸ்தான்புல்லுக்கு நேர் தெற்கே இளவரசர் தீவுகள் பக்கம் அப்படி இல்லை, இறுகிப் பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் அளவீடுகள் காட்டுவது.

நடுத்துண்டை அளந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜிபிஎஸ் கருவி கடலடியில் வேலை செய்யாது, தண்ணீருக்குள் அந்த அலை போகாது. அதனால் ஜெர்மானிய, பிரெஞ்சு, துருக்கிய ஆய்வாளர்கள் சேர்ந்து சுமார் 800 மீட்டர் ஆழத்தில், பிளவின் இரண்டு பக்கமும் பத்து ஒலிக்கருவிகளை இறக்கி வைத்தார்கள். ஒன்று ஒலி எழுப்பும், எதிர்ப்பக்கம் உள்ளது வாங்கித் திருப்பி அனுப்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம். தண்ணீரின் வெப்பமும் அழுத்தமும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதால் அதையும் கூடவே அளந்தார்கள். இரண்டரை வருடம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். மில்லிமீட்டர் கணக்கில் துல்லியம். பிளவு நழுவிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் உள்ள கருவிகளுக்கு நடுவே தூரம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 2019-இல் முடிவு வெளியானது: அந்தத் துண்டு பூட்டிக் கிடக்கிறது, 1766 முதல் குறைந்தது 4 மீட்டர் நகர்வு தேங்கியிருக்கிறது, உடைந்தால் 7.1 முதல் 7.4 வரை.

எல்லாம் ஒன்றாக உடையுமா என்று கேட்டால், மேற்கே நழுவும் பகுதி தடுப்புப் போல நிற்கலாம் என்று ஒரு கட்சி. நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது என்று இன்னொரு கட்சி. 2019 செப்டம்பரில் வந்த 5.8-உம் 2025-இல் வந்த 6.2-உம் அந்த நடுப்பகுதியில்தான். நழுவுகிற இடத்துக்கும் பூட்டிக் கிடக்கிற இடத்துக்கும் இடைப்பட்ட பாகம் அது. நேசன் ஐயா சொன்னதற்கு ஒரு படி மேலே போகிறேன். 6.2 அழுத்தத்தை இறக்கவில்லை என்பது மட்டும் இல்லை, பக்கத்துத் துண்டின் மேல் கொஞ்சம் ஏற்றியும் வைத்திருக்கிறது. இன்னொன்று, உடைப்பு மேற்கில் தொடங்கிக் கிழக்கே ஓடினால் அலையின் வீச்சு ஓடும் திசையில் குவியும். அந்தத் திசையில் இருப்பது நகரம்.

சும்மா_வந்தவன்

யூடியூபில் ஒருவர் கோள்களை வைத்து வரப்போகிற தேதியே சொல்கிறார். லிங்க் தருகிறேன்: [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

தேதி சொல்லும் இணைப்புகள் இந்த இழையில் வேண்டாம். இரண்டாவது முறை போட்டால் கணக்கு ஒரு வாரம் தூங்கும்.

கடல்தாண்டி_பாலா

வணக்கம். வெகுநாளாக வாசிக்க மட்டும் செய்பவன், இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. வேலை நிமித்தமாக இஸ்தான்புல்லில், ஐரோப்பியக் கரையில் இருக்கிறேன். ஏப்ரல் 23 இங்கே குழந்தைகள் தின விடுமுறை. பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. குலுங்கி முடிவதற்குள் ஃபோன் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் அப்படித்தானே. அன்று இரவு எங்கள் பகுதிப் பூங்காவில் உட்கார இடம் இல்லை. கம்பளி, தெர்மாஸ், பூனைக்கூண்டு சகிதம் குடும்பம் குடும்பமாக ஜனம். 1999-ஐப் பார்த்தவர்கள்தான் முதலில் இறங்கினார்கள், கடைசியில் ஏறினார்கள். கட்டடம் விழுந்து யாரும் இறக்கவில்லை. ஆனால் 150-க்கு மேற்பட்டவர்களுக்குக் காயம், பெரும்பாலும் பதற்றத்தில் மாடியிலிருந்தும் பால்கனியிலிருந்தும் குதித்ததால்.

என் கேள்வி பிளவைப் பற்றி இல்லை. நான் இருப்பது 1990-களில் கட்டிய ஏழு மாடிக் குடியிருப்பு. கீழே கடைகள். அவ்ஜிலார் என்ற பகுதிக்குப் பக்கம். இங்கே அந்தப் பெயரைச் சொன்னாலே ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு மோசமா, அல்லது பேர் கெட்டுவிட்டதா?

கம்பிகட்டி

பாலா தம்பி, கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் பேசுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999-இல் நிலநடுக்கத்தின் மையம் அவ்ஜிலாரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தள்ளி இருந்தும் இஸ்தான்புல் எல்லைக்குள் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் இறந்தார்கள், அதில் பெரும்பங்கு அவ்ஜிலார் பக்கம். அதைவிட மையத்துக்குக் கிட்டத்தில் இருந்த பல பகுதிகள் தப்பின. காரணம் முதலில் மண். அங்கே அடியில் இருப்பது இறுகாத படிவம். பாறையில் சிறிதாக வரும் அலை இப்படிப்பட்ட மண்ணில் ஏறும்போது பெருக்கும், ஆட்டமும் அதிக நேரம் நீடிக்கும். அந்த ஆட்டத்தின் தாளமும் நடுத்தர உயரக் கட்டடங்கள் தாமாக அசையும் தாளமும் ஒத்துப்போனால் கதை முடிந்தது.

இரண்டாவது, கட்டடம். நீங்கள் "கீழே கடைகள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் போனது. மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருக்கும், அது கட்டடத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைக்கும். தரைத்தளத்தில் ஷோரூம் கண்ணாடிக்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தினால், அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தில் வந்து விழும். தூண்கள் முறியும். மேலே உள்ள ஆறு மாடியும் அப்படியே ஒரு தளம் கீழே உட்காரும். இதில் சில இடங்களில் கடைக்கு இடம் பத்தவில்லை என்று தூணையே வெட்டியிருக்கிறார்கள். கதை இல்லை, துருக்கி நீதிமன்றங்களில் வழக்காக நடந்த விஷயம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. 1999-க்குப் பிறகு இடிபாடுகளைக் கிளறியவர்கள் கான்கிரீட்டுக்குள் சிப்பி கண்டார்கள். கழுவாத கடல் மணல். உப்பு உள்ளே இருந்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டையே பிளக்கும். கம்பியும் முறுக்குக் கம்பி இல்லை, வழுவழுப்பான பழைய கம்பி. கான்கிரீட்டுக்கு அதில் பிடிமானம் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம் ரிங். தூணில் நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டுவோமே, அந்த வளையம். அதன் இரண்டு நுனியையும் 135 பாகை வளைத்துத் தூணின் உள்வயிற்றுக்குள் செருக வேண்டும். சோம்பல்பட்டு 90 பாகையில் விட்டால், குலுக்கலில் மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கி வெளியே கொட்டும், நிற்கும் கம்பிகள் பூசணிக்காய் வடிவத்தில் வெளியே புடைக்கும். இடிந்த கட்டடப் படங்களில் தூணின் தலைப்பக்கம் அப்படிப் புடைத்திருக்கும், பாருங்கள். ஒரு வளையத்துக்குக் கூடுதலாக ஒரு விரல் நீளக் கம்பியும் ஒரு நிமிட வேலையும்தான் வித்தியாசம்.

ஆக, பேர் கெட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவ்ஜிலாரில் எல்லாக் கட்டடமும் விழும் என்பதில்லை, வேறு பகுதியில் எல்லாம் நிற்கும் என்பதும் இல்லை.

தேன்மொழி

//1990-களில் கட்டிய//

அண்ணா, 1999-க்குப் பிறகு கட்டியது என்றால் நிம்மதியாக இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது எந்த அளவு உண்மை?

கம்பிகட்டி

அரைவாசி. விதிமுறை 1975-இலேயே ஓரளவு இருந்தது. 1998-இல் வந்தது நல்ல விதிமுறை, 2007, 2018-இல் இன்னும் இறுக்கினார்கள். 2018-இல் வந்தது எந்த நாட்டின் விதிமுறையோடும் ஒப்பிடலாம், குறை சொல்ல முடியாது. கான்கிரீட்டும் தொழிற்சாலையிலிருந்து தயாராக வர ஆரம்பித்தது, அது பெரிய மாற்றம்.

கோளாறு மேற்பார்வையில். 2001-இல் கட்டடச் சோதனைக்குத் தனியார் நிறுவனங்களை அமர்த்தும் சட்டம் வந்தது. ஆனால் எந்த நிறுவனம் சோதிக்க வேண்டும் என்று 2019 வரை தேர்ந்தெடுத்ததே நடைமுறையில் கட்டுகிறவர்தான். சம்பளம் கொடுப்பவரையே சோதிக்கிற வேலை! 2019-க்குப் பிறகு கணினிக் குலுக்கலில் ஒதுக்குகிறார்கள். இதற்கு நடுவே 2018-இல் "கட்டுமான சமாதானம்" என்ற பெயரில் பொதுமன்னிப்பு வேறு. அனுமதி இல்லாமல் கட்டியவர், அனுமதியை மீறி மாடி ஏற்றியவர் எல்லாம் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். கட்டடம் உறுதியா என்று யாரும் பார்க்கவில்லை, அது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். லட்சக்கணக்கில் கட்டடங்கள் அப்படி முறைப்படுத்தப்பட்டன. என்னைக் கேட்டால் அந்த நாட்டில் எந்தப் பிளவும் செய்யாத கேடு அது.

2023 பிப்ரவரி 6 இதற்குச் சாட்சி. அது வடக்கு அனடோலியப் பிளவு இல்லை, கிழக்கு அனடோலியப் பிளவு. அதிகாலை 4.17-க்கு 7.8, பகலில் இன்னொன்று 7.5. துருக்கியில் மட்டும் 50,000-க்கு மேல் உயிரிழப்பு. விழுந்தவற்றில் ஓரிரு வருடம் முன் விற்ற சொகுசுக் குடியிருப்புகளும் இருந்தன.

ஏடுதேடி

அதே 2023-இல் ஹதாய் மாகாணத்தில் எர்ஸின் என்ற சிற்றூரில் ஒரு கட்டடமும் விழவில்லை, ஓர் உயிரும் போகவில்லை என்று செய்தி வந்ததே? விதிமீறிக் கட்ட விடவே இல்லை என்று அங்கே மேயர் சொன்னார்.

நிலவியல்_நேசன்

வந்தது. மேயர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் முழுக்க அவர் கணக்கில் எழுதவும் மாட்டேன். அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் தரை உறுதியானது, கட்டடங்களும் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. அதே மாகாணத்தில் நொறுங்கிய அந்தாக்கியா நகரம் ஆற்றுச் சமவெளி வண்டலில் இருக்கிறது. மண் பாதி, மனிதர் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மண் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1999-இல் கோல்ஜூக்குக்குப் பக்கத்தில் தெயிர்மென்டெரே என்ற கரையோர ஊரில், கரையின் ஒரு துண்டே அதன் மேலிருந்த ஹோட்டல், பூங்காவோடு சரிந்து கடலுக்குள் போனது. கடலை நிரப்பியும் வண்டல் மேலும் கட்டிய கரைகள் இஸ்தான்புல்லிலும் இருக்கின்றன. மர்மராவின் சரிவுகளில் நீருக்கடியில் மண் சரிந்தால் ஆழிப்பேரலையும் வரலாம். பெருங்கடலில் வருவது போல ராட்சத அலை இருக்காது, ஆனால் கரைக்கு வரும் நேரம் நிமிடக் கணக்குதான்.

தேன்மொழி

இஸ்தான்புல் மொத்தத்துக்கும் யாராவது கணக்கு எடுத்திருக்கிறார்களா?

அலைமானி

நகராட்சியும் அங்கிருக்கும் கண்டில்லி நிலநடுக்க ஆய்வகமும் சேர்ந்து எடுத்தார்கள். நகரத்தில் சுமார் 11.6 லட்சம் கட்டடங்கள். 7.5 அளவு என்று வைத்துக்கொண்டால் சுமார் 1.94 லட்சம் கட்டடங்களுக்கு நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ சேதம் என்று வந்தது. மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்கு மேல்.

ஆனால் அங்கே எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். உலக வங்கிக் கடனில் 2006 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுக் கட்டடங்களை, பெரும்பாலும் பள்ளிகளை, வலுப்படுத்தியோ இடித்துக் கட்டியோ இருக்கிறார்கள். 2020-இல் திறந்த பஷாக்‌ஷெஹிர் மருத்துவமனை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுதாங்கிகள் மேல் நிற்கிறது, கீழே தரை ஆடினாலும் மேலே அறுவைச் சிகிச்சை நடக்கலாம் என்ற கணக்கில். போஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் 2013-இல் திறந்த மர்மராய் ரயில் சுரங்கத்தையும் 7.5-ஐ மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். அரசுக் கட்டடத்தைச் சரிசெய்ய ஓர் உத்தரவு போதும். நாற்பது பேருக்குச் சொந்தமான குடியிருப்புதான் பிரச்சனை.

கடல்தாண்டி_பாலா

அதைத்தான் நேரில் பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் தூணில் துளையிட்டுக் கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாதிப் பேர் முகம் மாறிவிட்டது. சோதனையில் "ஆபத்தான கட்டடம்" என்று முடிவு வந்து பதிவாகிவிட்டால் பின்வாங்க முடியாது. காலி செய்து இடிக்கக் கெடு வந்துவிடும். விற்கவும் முடியாது. திரும்பக் கட்ட ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகை ஓய்வூதியத்தில் இருப்பவர்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. "தெரியாமல் இருப்பதே நல்லது" என்று ஒரு பெரியவர் வாய்விட்டே சொன்னார். அவருக்கு ஆபத்து புரியாமல் இல்லை, 1999-இல் சொந்தக்காரர்களை இழந்தவர் அவர். வாடகைக்கு இருக்கும் எனக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டும் இல்லை.

கம்பிகட்டி

ஆபத்தான கட்டடங்களை இடித்துக் கட்டுவதற்கான 2012 சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்றிருந்ததை 2023-இல் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். கையெழுத்துச் சிக்கல் குறைந்தது, பணச் சிக்கல் அப்படியே இருக்கிறது. அதனால் மறுகட்டுமானம் ஆபத்து அதிகம் உள்ள இடத்தை விட்டுவிட்டு நிலத்தின் விலை அதிகம் உள்ள இடத்துக்கு ஓடுகிறது. ஆசியக் கரையில் பாஃதாத் சாலை நெடுக இடித்து இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், அங்கே இரண்டு மாடி கூட்டி விற்றால் ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகும். ஏழைப் பகுதியில் கட்டுப்படியாகாது.

தம்பி, நீங்கள் வாடகைக்கு இருப்பதில் ஒரு சௌகரியம், மாறிவிடலாம். வீடு பார்க்கும்போது கட்டிய வருடத்தை மட்டும் கேட்காதீர்கள். கட்டடத்தில் குடிபுகலாம் என்ற அனுமதிச் சான்று இருக்கிறதா, அல்லது 2018 மன்னிப்புச் சான்று மட்டும்தானா என்று கேளுங்கள். கீழ்த்தளத்தில் போய்த் தூண்களை வரிசையாகப் பாருங்கள், மேலே இருக்கிற இடத்தில் கீழே இல்லாமல் இருந்தால் நடையைக் கட்டுங்கள். அடித்தளத்தில் கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டாய நிலநடுக்கக் காப்பீடு 2000-இலிருந்து இருக்கிறது, அது இல்லாமல் மின்சாரம், தண்ணீர் இணைப்பே கிடைக்காது. ஆனால் காப்பீடு இருப்பதை வைத்துக் கட்டடம் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நகரத்தின் வடக்குப் பக்கம் பிளவிலிருந்தும் தள்ளி இருக்கிறது, தரையும் பொதுவாகக் கெட்டி.

சும்மா_வந்தவன்

சீரியஸாக ஒரு கேள்வி, இந்த முறை லிங்க் இல்லை. ஃபோனில் எச்சரிக்கை வருகிறதே, அது வந்தால் கீழே ஓடிவிட முடியாதா?

அலைமானி

இஸ்தான்புல் விஷயத்தில் முடியாது. முதலில் வரும் மெல்லிய அலை நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும், பின்னால் வரும் நொறுக்குகிற அலை சுமார் 3.5. கருவி முதல் அலையைப் பிடித்து, கணக்குப் போட்டு, இரண்டாவது வருவதற்குள் செய்தி அனுப்ப வேண்டும். பிளவு 15, 20 கிலோமீட்டரில் இருந்தால் தெற்குக் கரையில் இருப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள், சில நேரம் அதுவும் இல்லை. ஏழாவது மாடியில் இருப்பவர் அந்த நேரத்தில் படிக்கட்டை எட்டினாலே பெரிது. குலுங்கும்போது படிக்கட்டில் நிற்பது நல்லதும் இல்லை. அங்கே பள்ளியில் சொல்லிக்கொடுப்பது போலக் குனிந்து, உறுதியான ஒன்றின் பக்கத்தில் ஒடுங்கி, தலையை மறைத்துப் பிடித்துக்கொள்வதுதான் அந்த நொடிகளுக்கு ஏற்ற வேலை.

அந்தச் சில நொடி இயந்திரங்களுக்குத்தான் உதவும். சுரங்க ரயிலுக்கு பிரேக் போடலாம், தொழிற்சாலையில் வால்வை மூடலாம். எரிவாயு விநியோக நிலையங்களில் குலுக்கல் ஒரு அளவைத் தாண்டினால் தானாகவே மூடிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கு எச்சரிக்கை கூட வேண்டாம். 1999-இல் இஸ்மித் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது, அதற்குப் பிறகு தீ விஷயத்தை யாரும் லேசாக எடுப்பதில்லை.

கடல்தாண்டி_பாலா

கம்பிகட்டி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி கீழே கடைக்குப் போய்ப் பார்த்தேன். தூண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு மட்டும் நாலு பக்கமும் மரப்பலகை அடித்து, கண்ணாடி ஒட்டி மறைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் கடைக்காரர் "அலங்காரம்" என்கிறார். பலகையைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

கம்பிகட்டி

கம்பியைக் காட்டும் ஸ்கேனர் பலகைக்கு மேலிருந்து சரியாகக் காட்டாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் நீங்கள் சொன்னால் கடைக்காரர் கேட்க மாட்டார், குடியிருப்பு நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள். அவரும் மழுப்பினால் மாவட்ட நகராட்சியில் மனு. அதற்கு நடுவே வடக்கே வீடு பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.